மஞ்சள் கரைசலும் கறுத்த விரலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே என் விரல்கள் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு பட்டுக் கறுத்துக் கிடக்கின்றன. போன வாரம் கல்யாண வீட்டில் ஒருவர் மருதாணியா என்று கேட்டுவிட்டார்.

வெள்ளி நானோதுகளை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சின்ன வெள்ளித் துகளை, ஒரே அளவில் செய்வதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தாய். முதலில் லீ, மைசல் இருவரும் 1982இல் வெளியிட்ட முறையைத்தான் பிடித்தேன். அரை லிட்டர் நீரில் 90 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட். கொதி வந்ததும் 1 சதவீத சோடியம் சிட்ரேட் 10 மில்லி. அப்புறம் ஒரு மணி நேரக் கொதி. ரசம் வைப்பது மாதிரிதான். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் உருண்டை, குச்சி, முக்கோணம், பெரியது, சிறியது என்று எல்லாம் இருந்தன. சிட்ரேட் ஒரு ஒடுக்கி, அதாவது உப்பிலுள்ள வெள்ளியை உலோகமாக்குவது; ஆனால் மெதுவாக வேலை செய்யும். முதலில் பிறந்த துகள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே புதிதாகவும் பிறந்துகொண்டிருக்கும். அளவு எப்படி ஒன்றாகும்?

அதனால் சோடியம் போரோஹைட்ரைடுக்கு மாறினேன். அதுவும் ஒடுக்கிதான், ஆனால் முரட்டு ஆள். துகள்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்து, இருக்கும் வெள்ளியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்றும் பெரிதாக வளர வழியில்லை. ஐஸில் வைத்த 2 மில்லிமோலார் போரோஹைட்ரைடு கரைசல் 30 மில்லியில், 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். எலுமிச்சை மஞ்சள்! கரைசல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒல்லியான முகடு, அதாவது துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவு. துகள் 10 நானோமீட்டர் சுமார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கலக்கினால் நல்லதுதானே என்று விட்டேன். மஞ்சள் அடர்ந்து, ஊதாவாகி, கடைசியில் சாம்பலாயிற்று. துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சொட்டு முடிந்ததும் கலக்கலையும் நிறுத்த வேண்டுமாம். இன்னொரு நாள் குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, அதிலிருந்த குளோரைடால் கரைசல் பால் மாதிரி வெளுத்தது. எம்.எஸ்சி. படித்தவன் செய்கிற தப்பா இது!

இப்போது இரண்டையும் சேர்க்கிறேன். இந்தச் சின்னத் துகள்களை விதையாகப் போட்டு, வெள்ளியையும் மென்மையான ஒடுக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், புதிதாகப் பிறக்காமல் விதைகளே பருக்கின்றன. விதையைக் குறைத்தால் துகள் பெரிது, கூட்டினால் சிறிது. அவசரப்பட்டால் மறுபடி கலவைதான்.

நேற்று செய்தது இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. ஒட்டாமலிருக்க, துகளைச் சுற்றிப் போர்த்தும் பி.வி.பி. என்ற பாலிமர் கொஞ்சம் விட்டு, கறுப்புத்தாள் சுற்றி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அதுவரை நிறம் மாறாமலிருந்தால் காட்டுகிறேன்.

அன்புடன்,
ரவி