செயலாளர் ஆண்டறிக்கை: ஊருணி வேலையும் ஆள்கடத்தல் தடுப்பும்

தலைவர் அண்ணன், பொருளாளர், ஆச்சிமார்கள், மற்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் சங்கத்து அறிக்கை என்றால் தெருவிளக்கு, ஊருணி தூர்வாரல், கோலப்போட்டி என்று போகும். இந்த வருடமும் அதெல்லாம் நடந்தது, படித்துறைப் பூச்சு மட்டும் பாக்கி. அதை அத்தோடு விட்டுவிட்டு, போன பொதுக்குழுவில் பாதிப்பேர் 'நமக்கெதுக்கு இந்த வம்பு' என்று கேட்ட ஆள்கடத்தல் தடுப்பு வேலையைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. நாம் யாரையும் மீட்கவில்லை, அது நம் வேலையும் இல்லை. போலீஸில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு, வருவாய்த்துறை, தொழிலாளர் துறை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள் என்று ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்து கிடக்கிற வேலை இது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுகிற இடத்தில்தான் பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள். அந்த இடத்தில் போய் நின்று 'அடுத்து யார்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

கோடையில், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பால் ஊற்றப் போகும் நம் உறுப்பினர் ஒருவர் அங்கே ஒரு பையனைப் பார்த்திருக்கிறார். காலில் பெரியாள் செருப்பு, வாரைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டோம். முன்பு அந்த எண்ணுக்குப் பின்னால் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் இருந்தார்கள், 2023-க்கு அப்புறம் அரசே நடத்துகிறது. ஆட்கள் வந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் விசாரணை நடந்த விதம் இருக்கிறதே! ஆட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே பையனை நிறுத்தி 'நீயாத்தானே வந்தே?' என்றால் அவன் வேறு என்ன சொல்வான்? 'ஆமா'ன்னுதான் சொன்னான். அதிகாரியும் எழுதிக்கொண்டார்.

மதுரையிலிருந்து வந்திருந்த தொண்டு நிறுவனத்து அம்மா ஒருவர்தான் விடவில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிப் பையனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, வெகுநேரம் ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எந்த ஆடு முட்டும், எது குட்டி போடப்போகிறது என்று. அப்புறம் தானாகவே வந்தது: வீட்டில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள், அது கழிகிற வரை ஊருக்குப் போகக்கூடாது, பொங்கலுக்கும் விடவில்லை. வாக்குமூலமே மாறிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினார்கள்.

அதற்கு அப்புறம்தான் நிஜமான அலைச்சல். கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர் என்று கோட்டாட்சியர் கையெழுத்திடும் விடுதலைச் சான்றிதழ் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை எதுவும் நகராது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, குழந்தை என்றால் பின்னால் 2 லட்சம் என்று திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பின்னால் வருவதை வழக்கின் போக்கோடு முடிச்சுப் போட்டிருப்பதால் அது எப்போது கைக்கு வருமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாசில்தார் அறிக்கை ஓரிடத்தில், போலீஸ் எஃப்.ஐ.ஆர். இன்னோரிடத்தில். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஃபைலைக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்து சான்றிதழை வாங்கிக் கொடுத்தார். கிடைக்காரர் பக்கத்து ஆட்கள் வந்து 'வாங்கின காசை யார் தருவா' என்று கேட்டபோது, 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பி வாங்கினால் வாங்கியவருக்கு 3 வருடம் வரை சிறை என்று அதே ஆசிரியர் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

இரண்டாவது விஷயம் வேறு மாதிரி. பர்மா என்றால் நம் ஊரில் தேக்குத் தூணும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன அப்பச்சிமார் கதையும்தான் ஞாபகம் வரும். இப்போது பட்டப்படிப்பு முடித்த பையன்களை 'டேட்டா என்ட்ரி, டாலரில் சம்பளம்' என்று சொல்லி பாங்காக்குக்கு விமானம் ஏற்றி, அங்கிருந்து ஆற்றைக் கடத்தி, பர்மா எல்லை ஊரான மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைக்கிறார்கள். 2022-லேயே தமிழ்ப் பையன்களை அங்கிருந்து மீட்டு வந்தார்கள். நம் தெருவில் ஒரு அம்மா மகனுடைய ஆஃபர் லெட்டரைப் போனில் கொண்டுவந்து காட்டினார். கம்பெனி முகவரி இல்லை, வேலை விசா இல்லை, சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகள் பதிவு செய்திருக்க வேண்டிய மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயரைத் தேடினோம், பதிவே இல்லை. பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், இவர் கேட்டது அதைவிடப் பல மடங்கு. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதிப்போட்டோம். பையன் எங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறான், இருக்கட்டும்.

ஜூலை 30, ஆள்கடத்தல் எதிர்ப்பு நாளுக்கு உறுதிமொழி எடுத்தோம், பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தோம். அதனால் ஒரு பயனும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அன்று மாலை ஆட்டோ ஸ்டாண்டில் பேசியது உருப்படி. 'இஷ்டப்பட்டுத்தானே போறாங்க' என்று ஒரு அண்ணன் கேட்டார். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் கணக்கில் வராது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவிலேயே இருக்கிறது என்றதும் ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வேண்டும். மாவட்டக் கொத்தடிமை விழிப்புக் குழுவில் ஆட்சியர் நியமிக்கும் சமூகப் பணியாளர் இடங்கள் 2 உண்டு. நம் ஆசிரியர் பெயரை அதற்குப் பரிந்துரைத்து மனு கொடுக்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. தொண்டு நிறுவனம் போட்டோவுக்கு முந்துகிறது என்று அதிகாரிகளும், அதிகாரிகள் போனே எடுப்பதில்லை என்று அவர்களும் மாறிமாறிப் புலம்புவதை நாம் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதைவிட, உள்ளே நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். பயணச் செலவு கூடியிருப்பது சிவகங்கைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டால்தான், ரசீதெல்லாம் ஃபைலில் இருக்கிறது.