எங்கே நறுக்குவது என்பதைச் சினிமாவிடம் கற்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன்றைய சிறுகதைகள் சினிமாவைப் பார்த்துக் கெட்டுவிட்டன என்று ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கட்டுரையாளர் வருந்தியிருந்தார். கெட்டது உண்மைதான். ஆனால் பழியைச் சினிமாவின் தலையில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதுகிறவர்கள் சினிமாவிடம் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாததை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதுதான் கோளாறு.

நான் மதுரையிலும் பிறகு கம்பத்திலும் தியேட்டர் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம் ஓடும். அடுத்த ரீலை மாட்டி வைத்துவிட்டு, புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டால், ரீல் மாற்றச் சொல்லித் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழும் வரை கையில் ஒரு புத்தகம் இருக்கலாம். கதை படிக்கும் பழக்கம் எனக்கு அந்த வெக்கை அறையில்தான் வந்தது. படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கதை தெரியும். அதையே வாரக்கணக்கில் ஓட்டுகிறவனுக்கு, ஜனங்கள் எந்த இடத்தில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள், எந்த இடத்தில் எழுந்தவர்கூடத் திரும்பி உட்காருகிறார்கள் என்பதும் தெரியும்.

கம்பத்துக்கு வரும் பிரிண்ட், பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்த பிறகுதான் வரும். ரீலின் தலைப்பக்கமும் வால்பக்கமும்தான் அதிகம் அடிபடும். கிழிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பிலிம் சிமெண்ட் என்னும் பசையைத் தடவி ஒட்டி ஓட்டுவோம். இப்படி ஒவ்வொரு ஊராக வெட்டுப்பட்டதில், அந்த இடங்களில் வரும் காட்சிகளின் தொடக்கமும் முடிவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருக்கும். ஒருவர் கதவைத் திறந்து வருவது, உட்காருவது, நலம் விசாரிப்பது எல்லாம் போய், பாதிப் பேச்சில் காட்சி தொடங்கும். தரை டிக்கெட்டில் ஒருவர்கூட முணுமுணுத்ததில்லை. ஆனால் ஒரு படத்தில், தாய் ஒரு சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளும் துண்டு அறுந்து போய்விட்டது. கண் சிமிட்டும் நேரம்தான் அது. இடைவேளைக்குப் பிறகு அந்தச் சாவி திரையில் வந்தபோது, "இது எந்தச் சாவி?" என்று அரங்கமே பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது. கதைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

மதுரையில் நாங்கள் ஞாயிறு காலைகளில் திரைப்படக் கழகத்தாருக்கும் படம் ஓட்டுவோம். சத்யஜித் ராய் 1955இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யை அப்படித்தான் பார்த்தேன். எனக்கு வங்காளியில் ஒரு சொல்கூடத் தெரியாது. படத்தில் பக்கத்து வீட்டுக்காரி, தன் வீட்டுப் பாசிமணி மாலையைச் சிறுமி துர்கா திருடிவிட்டதாகச் சண்டைக்கு வருகிறாள். துர்கா இல்லை என்று மறுக்கிறாள். தாய் அவமானம் தாங்காமல் மகளை முடியைப் பிடித்து இழுத்து அடிக்கிறாள். பிறகு மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, துர்கா இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில், தம்பி அப்பு பரணில் எதையோ தேடுகிறான். ஒரு கொட்டாங்கச்சி கைக்கு வருகிறது. உள்ளே ஒரு சிலந்தி, அந்த மாலை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஓடிப்போய் மாலையைக் குளத்தில் வீசுகிறான். பாசி விலகுகிறது, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. வசனம் இல்லை. அக்காவின் மானத்தைத் தம்பி காப்பாற்றிவிட்டான் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் மூல நாவலைப் பிறகு தமிழில் படித்தேன். அதில் அப்பு கண்டெடுப்பது ஒரு சின்னத் தங்கக் குங்குமச் சிமிழ். அதை அவன் மூங்கில் தோப்புக்குள் எறிந்துவிடுகிறான். அதுவும் நல்ல இடம்தான். ஆனால் ராய், நாம் முன்பே பார்த்த சண்டையின் மாலையையே திரும்பக் கொண்டுவந்தார். தோப்புக்குப் பதிலாகக் குளத்தை எடுத்துக்கொண்டார். மூங்கில் புதரில் விழுந்த பொருள் கண்ணுக்கு மறைந்துபோகும், அவ்வளவுதான். குளம் அதை விழுங்கி வாயை மூடிக்கொள்வதை நாம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அதே படத்தில், மகள் இறந்தது தெரியாமல் தந்தை ஹரிஹர் வெளியூரிலிருந்து திரும்பி வந்து, வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக மனைவியிடம் எடுத்துக் காட்டுகிறார். பூரிக்கட்டை, லட்சுமி படம், கடைசியாக துர்காவுக்கு ஒரு புடவை. நாவலில் தாய் வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். படத்தில் அவள் புடவையைப் பல்லில் கடித்துக்கொண்டு சரிகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்காது. ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்னும் வாத்தியம்தான் அந்த இடத்தில் அலறுகிறது. பெற்றவளின் கதறலுக்கு ஈடான சொல் இல்லை என்று ராய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். நம் கதைகளில் அந்த இடத்தில் ஒரு பக்கம் ஒப்பாரி இருக்கும்.

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்துக்கு இளைஞர்கள் கதை எழுதிக் கொண்டுவருவார்கள். சினிமாவிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டவை எவை? நடுவில் ஒரு பிளாஷ்பேக். 'கேமரா பின்வாங்குவதுபோல்' என்று ஒரு வரி. கடைசி வரியில் ஒரு திடுக் திருப்பம். இவை சினிமாவிலேயே அலுத்துப்போன சரக்குகள்.

அவர்களில் ஒரு தம்பியின் கதையை மட்டும் மறக்க முடியவில்லை. அப்பா இறந்த சேதி கேட்டுத் திருப்பூரிலிருந்து மகன் வருகிறான். வாசலில் அப்பாவின் செருப்பு கிடக்கிறது. அறுந்த வாரைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார். மகன் குனிந்து, கம்பியின் முனை காலைக் குத்தாதபடி உள்பக்கமாக மடக்கிவிட்டு வீட்டுக்குள் போகிறான். இனி யாரும் அணியப் போவதில்லை என்று தெரிந்தே அவன் அதைச் செய்வதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த பத்தியில், உழைத்துத் தேய்ந்த வாழ்க்கை, நன்றிக்கடன், காலம் கடந்த ஞானம் என்று பன்னிரண்டு வரி! அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் தம்பி என்றேன். "புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது, ஐயா?" என்று கேட்டார்.

இந்தப் பயம்தான் நம் கதைகளைக் கெடுக்கிறது. படிக்கிறவர் மேல் நம்பிக்கை இல்லாதவர்தான் விளக்கிக்கொண்டே போவார். பாஷை தெரியாத ஆபரேட்டருக்கே ஒரு பாசிமணி மாலை புரிந்தது என்றால், தமிழில் எழுதியது தமிழருக்குப் புரியாதா?

எழுத்துக்கென்று இருக்கும் பலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அப்புவின் மனத்துக்குள் ஓடும் நினைப்பைப் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து போக நாவலால் முடிகிறது. அங்கே படம் அவன் கண்களைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த உள்மனத்தை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். காட்சியே சொல்லிவிட்டதை மறுபடி சொல்லாதீர்கள் என்பதே என் வாதம்.

தங்கள் இணைப்பிதழின் கதைப்பகுதியைக் கவனிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் இடம் போதாதபோது கதையின் நடுவில் கை வைக்கிறீர்கள் என்பது படிக்கும்போதே தெரிகிறது; திடீரென்று ஒரு பாத்திரம் காணாமல் போகிறது. அடுத்த முறை, எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலான கதைகளுக்கு அந்த இடமே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
கம்பம், தேனி மாவட்டம்.