ஆண்டறிக்கை 2024–25: பின்மதில் ஓரக் காஞ்சோண்டி

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் தொடக்கம் 2025 மார்ச் வரை இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் தோட்டச் சங்கத்தில் நடந்தவற்றை இங்கே சொல்கிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். குழு ஏழு தடவை கூடியது. தண்ணீர்க் குழாய் திருத்தியாயிற்று, கொட்டிலுக்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்று. யூன் மாதக் குளிரில் வெண்டி எழும்பவே இல்லை, கத்தரி பரவாயில்லை. மற்றதெல்லாம் வழமைபோல. மிச்ச அறிக்கை முழுவதும் பின்மதில் ஓரத்தில் நிற்கிற, தொட்டால் கடிக்கிற காஞ்சோண்டிச் செடியைப் பற்றியதுதான். இந்த வருடம் எங்களைச் சண்டை பிடிக்க வைத்ததும் அதுதான், ஒரே பானையில் சாப்பிட வைத்ததும் அதுதான்.

ஏப்ரல் முதல் கிழமை இடத்தை மேற்பார்க்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மதில் ஓரம் களை மண்டிக் கிடக்கிறது, ஒரு மாதத்துக்குள் துப்புரவாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். களை என்று அவர்கள் சொன்னது இந்நாட்டார் நெட்டில் என்கிற காஞ்சோண்டியை. பேரப்பிள்ளைகளின் காலில் படுகிறது, வெட்டித்தான் விடுவோமே என்று எங்களிலும் பாதிப்பேர் சொன்னார்கள். மண்வெட்டியோடு போன சனிக்கிழமைதான் பக்கத்துத் துண்டு நேபாள அம்மா அடுப்படி இடுக்கியோடு வந்து நின்றார். கொழுந்தை இடுக்கியால் பிடித்து, மற்றக் கையிலிருந்த கத்தரிக்கோலால் நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே போனார். அவர்கள் ஊரில் இதற்குச் சிஸ்னு என்று பெயர். மலைக்கிராமங்களில் சோற்றோடும் சோளக்களியோடும் சாப்பிடுகிற கீரை. பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் ஆச்சி ஒருவர், "நாங்கள் காசு குடுத்து வாடின கீரை வாங்கிறம், இவ சும்மா கிள்ளிக்கொண்டு போறா" என்றார். அன்றைக்கு மண்வெட்டி கொட்டிலுக்குத் திரும்பிப் போயிற்று.

அந்தக் கொழுந்தில் நாங்கள் செய்த முதல் வறை பிழையாகிப் போனது. தண்டோடு அரிந்து சட்டியில் போட்டோம். சூட்டில் சுணை செத்துவிட்டது, ஆனால் தண்டின் நார் பல்லுக்குள் சிக்கியது. ஒரு காலத்தில் துணி நெய்யப் பயன்பட்ட நார், சும்மா விடுமா? அதற்குப் பிறகு பிடிபட்ட முறை இது. நுனியில் நாலைந்து இலை மட்டும் கிள்ளவேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம். இலை கரும்பச்சையாகி அடங்கிவிடும். வடித்து, பிழிந்து, தண்டை உருவிப் போட்டுவிட்டுப் பொடியாக அரியுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள் வதக்கி, இலையைப் போட்டுப் பிரட்டி, இறக்கும்போது தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும். ஒரு கடைப்பை நிறையப் பறித்தாலும் சட்டியில் ஒரு கைப்பிடிதான் வரும், ஆகவே குறைத்துப் பறித்துவிட்டுக் கவலைப்படாதீர்கள். வடித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம், சொதிக்கு நல்லது. ருசி முருங்கையிலைக்குக் கிட்ட நிற்கிறது, கசப்பு இல்லை. அவித்த இலை 100 கிராமில் கால்சியம் ஏறக்குறைய 480 மில்லிகிராம். அதே அளவு பாலில் இருப்பதைப் போல நாலு மடங்கு.

மே மாதத்தில் இலைக்கஞ்சி வைத்தோம். ஊரில் முல்லையும் முசுமுசுக்கையும் முடக்கொத்தானும் போட்டு வைக்கிற கஞ்சிதான். இங்கே அந்த இலைகள் இல்லாததால் பல பேர் இருபது வருடமாக அதைக் குடித்திருக்கவில்லை. சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, உள்ளி, மிளகு, கடைசியில் தேங்காய்ப்பால். அவித்த காஞ்சோண்டியை அரைத்துக் கலந்ததும் பானை முழுக்க அதே பச்சை. ஒரு மாமி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உப்புக் காணாது" என்று மட்டும் சொன்னார். பானை மிஞ்சவில்லை.

இனி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சில விசயங்கள். ஊரில் வேலியைச் சுற்றிப் படர்கிற காஞ்சோண்டியும் இதுவும் ஒன்றல்ல. அது ஆமணக்குக் குடும்பம், இது வேறு குடும்பம். கடிக்கிற விதம் ஒன்றுபோல இருப்பதால் பெயரை மாற்றி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஆகவே அங்கே பாட்டி சொன்ன கைமருந்தை இங்கே இதற்குப் பொருத்த வேண்டாம். காட்டு ஓரங்களில் டோக்ஸ் மெர்க்குரி என்று ஒரு நச்சுச் செடி இதோடு கலந்து முளைக்கும். அதன் இலையும் பல்லுப்பல்லாகத்தான் இருக்கும், ஆனால் சுணை கிடையாது. சுணை தெரியாத இலையைப் பையில் போடாதீர்கள்.

பறிக்கிற காலம் மார்ச்சிலிருந்து மே வரை. பூத்த பிறகு இலைக்குள் சுண்ணாம்பு மணிபோலக் கல் படியும், அது சிறுநீர்ப்பாதையை உறுத்தலாம் என்று சொல்வார்கள். யூனில் அடியோடு அரிந்துவிட்டால் மறுபடி கொழுந்து தரும். நாய் நடத்துகிற பாதை, பெருந்தெரு ஓரம், மருந்தடிக்கிற ரயில் கரை, இவை வேண்டாம். வெளியில் தானாக வளர்ந்த இலையை வீட்டுத் தேவைக்கு, விற்பதற்கல்லாமல் பறித்தால் அது திருட்டு ஆகாது என்று 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் காணிக்காரரின் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ரிச்மண்ட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் இலையைக்கூடத் தொடக்கூடாது.

மருந்து விசயத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம், அதை மறைக்காமல் எழுதுகிறேன். கஞ்சிக்குப் பிறகு அங்கத்தவர் அண்ணை ஒருவர் நல்லதென்று நினைத்து ஒரு கிழமை தினமும் வறை சாப்பிட்டார். அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர். இந்த இலையில் விட்டமின் கே மிக அதிகம், அது அந்தக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் குளிசை வேலை செய்கிற அளவு இறங்கியிருந்தது தெரிந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பானையை வைத்தவர்கள் நாங்கள், கேட்டிருக்க வேண்டியவர்களும் நாங்கள்தான். செயலாளர் என்ற முறையில் அவரிடமும் அவர் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து சமையல் நாளில் முதல் கேள்வி குளிசை பற்றியது: இரத்தம், பிரஷர், சீனி, சிறுநீரகம் எதற்காவது மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கர்ப்பிணிப் பெண்களும் அப்படித்தான்.

மூட்டு நோவுக்கு இலையால் அடித்துக்கொள்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். இங்குள்ள பிளிமத் நகரில் கைப் பெருவிரல் மூட்டு நோவுள்ள 27 பேரிடம் இதைச் சோதித்து, நோவு குறைந்ததாக 2000ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் அக்கா ஒருவர் தன் முழங்காலில் செய்து பார்த்து அன்றிரவு நித்திரை வந்ததாகச் சொன்னார். அவருக்கு நித்திரை வந்தது எங்களுக்குச் சந்தோசம். இருந்தும் 27 பேர் என்பது சிறிய தொகை, மூட்டும் வேறு. சங்கம் இதைச் செய்யச் சொல்லாது. காய்ந்த இலையில் தேத்தண்ணி போடுகிறவர்கள் போடுங்கள். அது எங்களுக்குத் தேத்தண்ணி, அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது.

கடிதத்துக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்டீர்கள். எங்களுக்காகப் பதில் சொன்னவை மயிர்க்கொட்டிகள்தான். மே கடைசியில் வெயில் படும் பக்கத்து இலைகளில் வலை பின்னி, கன்னங்கரேலென்று, உடம்பில் வெள்ளைப் பொட்டோடு கூட்டமாக இருந்தன. பீகொக் என்ற வண்ணாத்திப்பூச்சியின் குஞ்சுகள், இந்தச் செடியைத் தின்றுதான் வளர்கின்றன. இடத்தை மேற்பார்க்கிறவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பாதையோரத்தை வெட்டுங்கள், மதிலை ஒட்டிப் பத்தடி இருக்கட்டும் என்றார். அதன்படி செய்தோம். வெட்டியதைப் பீப்பாவில் மூன்று கிழமை ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து மிளகாய்க்கு ஊற்றினோம். இலை நன்றாகப் பிடித்தது. நாற்றம் பொல்லாதது, பக்கத்துத் துண்டுக்காரர்கள் சொன்ன பிறகு பீப்பாவுக்கு மூடி வாங்கினோம்.

இந்த மார்ச் இரண்டாம் கிழமை மதிலடியில் கொழுந்து எழும்பிவிட்டது. ஏப்ரல் முதல் சனி காலை பத்து மணிக்குப் பறிப்போம். கையுறைகள் கொட்டிலுக்குள் நீலப் பெட்டியில் இருக்கின்றன, இடுக்கி மூன்றுதான், இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். வலைக்கூடு கண்ட செடியைத் தொடவேண்டாம். நேபாள அம்மாவையும் கஞ்சிக்கு அழைத்திருக்கிறோம்.

நன்றி.
செயலாளர்