அவனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் நம் பாஸ்கெட்பால் அணிக்காக ஆரம்பத்திலேயே இறங்கப்போகும் முதல் அஞ்சு பேரை, கோச்சாக நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதிலிருந்து கொழிஞ்சாம்பாறையில் வேறு பேச்சில்லை. பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும்போதுகூட ரெண்டு பேர் அதைத்தான் கேட்டார்கள். மூன்று வருஷமாக முதல் அஞ்சில் ஆடிய நம் உயரக்காரப் பையன் இப்போது பெஞ்சில். நாலு நாளாக அவன் கோர்ட் பக்கம் வரவில்லை. "நான் அவனை முதல் அஞ்சிலிருந்து எடுத்தது தப்பாடா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். பஸ் இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. ஊரே பேசுவதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

எடுத்தது தப்பில்லை.

2015 ஜூன் 12 ஞாபகமிருக்கிறதா? வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. கணவாய்க் காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருக்க, உங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவின் இறுதித் தொடர், நாலாவது ஆட்டம். கிளீவ்லாண்ட் ரெண்டு ஜெயித்திருந்தது, கோல்டன் ஸ்டேட் ஒன்று. கூடைக்கடியில் நிற்கிற ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, ஆறரை அடி ஆண்ட்ரே இகுவோடாலாவை இறக்கினார் கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர். "சென்டர் இல்லாம ஆடுவாங்களா?" என்று கத்தினீர்கள். முதல் ஏழு பாயிண்டும் கிளீவ்லாண்டுக்கே போனதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டீர்கள்.

திரும்பி வந்தபோது ஆட்டம் மாறியிருந்தது. கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரியை ரெண்டு பேர் மறிக்கும்போதெல்லாம் பந்து அதே அணியின் டிரேமண்ட் கிரீனிடம் போகும். கிரீன் உள்ளே பாய்ந்தால் கூடைக்கடியில் கிளீவ்லாண்டின் சென்டர் மோஸ்காவ் மலை மாதிரி நிற்பார். போகட் வெளியிலிருந்து ஷூட் செய்கிறவர் இல்லை என்பதால், அவரைக் காவல் காக்கிற சாக்கில் மோஸ்காவ் அங்கேயே நிற்க முடிந்தது. இகுவோடாலா வந்ததும் அஞ்சு பேரும் வெளியே விரிந்து நின்றார்கள், நடுவில் வழி திறந்தது. இதற்கு விலையும் கொடுத்தார்கள். குள்ளமான அணிக்கு எதிராக மோஸ்காவ் 28 பாயிண்ட் அடித்தார். ஆனாலும் 103-82 என்று கோல்டன் ஸ்டேட் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் கோச், அதே 28 அடித்தவரை வெறும் 9 நிமிஷம்தான் ஆடவிட்டார். தன்னுடைய அஞ்சு பேரை மாற்றி, எதிராளியின் அஞ்சையும் கெர் மாற்ற வைத்துவிட்டார். எனக்கு இன்றுவரை பிரமிப்பு அதில்தான். யோசனை கொடுத்தது கெர்ரின் உதவியாளர், 28 வயது நிக் யுரென். முந்தின வருஷ இறுதித் தொடரில் ஸ்பர்ஸ் அணி போரிஸ் டியாவை முதல் அஞ்சில் இறக்கிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. நம் ஆட்டங்களைப் போனில் பிடிக்கிற பையனையும் ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள் அண்ணா.

நம் உயரக்காரன் விஷயத்திலும் உங்கள் கணக்கு சரி. பொள்ளாச்சிக்காரர்கள் ஓடுகிறவர்கள். இவன் திரும்பி வந்து நிற்பதற்குள், கூடைக்குக் கிட்ட ஓடிவந்து போடுகிற லே-அப் ரெண்டு விழுந்துவிடுகிறது. போன மூன்று ஆட்டத்திலும் முதல் குவார்ட்டரிலேயே ரெண்டு ஃபவுல் வாங்கிவிட்டான். என்பிஏவில் ஆறாவது ஃபவுலில்தான் ஆள் வெளியே, நமக்கு அஞ்சாவதிலேயே வெளியே. அவர்கள் களைத்த பிறகு இவன் உள்ளே வந்தால், கூடையில் விழாமல் திரும்புகிற பந்து, அந்த ரீபவுண்ட் முழுக்க நமக்கு.

சொன்ன விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். ராத்திரி பத்து மணிக்கு குரூப்பில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது. அவனுடைய சின்னத் தங்கச்சிதான் வாசித்துக் காட்டினாளாம்.

இகுவோடாலா அந்த ஜூன் மாதம் அப்படி ஆடியதற்கு அதற்கு முந்தின வருஷமே விதை போட்டாகிவிட்டது. அதுவரை அவர் ஆடிய 758 லீக் ஆட்டத்திலும் முதல் அஞ்சில்தான் இறங்கியவர். கெர் அப்போதுதான் கோச்சாக வந்த புதுசு. சீசன் தொடங்கும் முன்பே இகுவோடாலாவிடம் நேரில் பேசினார்: நீ பெஞ்சிலிருந்து வரணும், இளையவன் ஹாரிசன் பார்ன்ஸ் முதலில் இறங்கட்டும் என்று. இகுவோடாலாவுக்கு அது இனிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். அந்த சீசனில் 77 ஆட்டம், ஒன்றில்கூட முதல் அஞ்சில் இல்லை. கடைசியில் 40 வருஷத்துக்குப் பிறகு அந்த அணி கோப்பை எடுத்தபோது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

நம் பையனுக்கு வயசு பதினெட்டு. முதல் அஞ்சில் ஆடுகிறவன் என்று சொல்லித்தான் தெருவில் அவனைத் தெரியும். அதை எடுக்கிறவர் அவன் முகத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். ரெண்டாவது குவார்ட்டரில் எப்போது இறக்குவீர்கள், கடைசி அஞ்சு நிமிஷம் கோர்ட்டில் அவன் இருப்பானா, ரெண்டையும் சொல்லுங்கள். செய்யப்போவதை மட்டும் சொல்லுங்கள், ஆறுதலுக்காக ஒன்றும் வேண்டாம். அவன் கோபப்பட்டால் படட்டும், இருந்து கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஸ்கோர் ஷீட்டில் அஞ்சு பேருக்கு நேரே நீங்கள் குறி போடும்போது, அவன் ஜெர்சி போட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு அது போதும்.

அவன் அப்பா வேலந்தாவளம் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு ஆறரைக்கு வீடு வந்துவிடுவார். இன்றைக்கு ஏழு மணிக்கு உங்கள் வாசலில் வண்டியோடு நிற்கிறேன். போய்விட்டு வந்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி