பாபிகியூ அடுப்பு ஒட்டுகிறவர்கள் முதலில் இரும்பைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேலாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சித்திரை கழிந்து கடல் அடங்கியதும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள், பொழுதுபட்டால் கரையோரச் சாப்பாட்டுக் கடைகளில் கரி அடுப்பு புகையும். முன்பெல்லாம் அந்த அடுப்புகளைச் செய்ய எங்களைப் போன்ற பட்டறைக்காரரிடம்தான் வருவார்கள். இப்போது ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகிற இன்வேட்டர் வெல்டிங் மெஷின் வந்துவிட்டது, வீட்டுப் பிளக்கில் குத்தி யாரும் ஒட்டலாம், பொடியன்கள் ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே செய்கிறார்கள். என் பிழைப்பில் கொஞ்சம் குறைகிறது என்பதற்காக இதை எழுதவில்லை. கைத்தொழில் பழகுவது நல்லது, பழகட்டும். ஆனால் என்ன இரும்பில் செய்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

போன மாரியில் என் மருமகன், அக்காவின் மகன், வீட்டில் ஒரு அடுப்பு செய்தான். கால்களுக்கும் சட்டத்துக்கும் வளவில் கிடந்த பழைய ஜீ.ஐ. தண்ணீர்க் குழாய், கம்பித் தட்டுக்கும் அதே வகைக் கம்பி. வெளியே மழை, அதனால் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்து இரண்டு மணித்தியாலம் ஒட்டியிருக்கிறான். அன்று இரவு உடம்பு நடுங்கிக் காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி. மாரிகாலம் என்பதால் டெங்கு என்றே பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தம் எடுத்தார்கள், டெங்கு இல்லை என்றார்கள். பகல் என்ன வேலை செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் மாலைக்குள் காய்ச்சல் தானாக விட்டுப் போய்விட்டது. நான் போய் அவன் ஒட்டிய இடத்தைப் பார்த்தேன். சுவரிலும் தரையிலும் வெள்ளைப் பஞ்சு போல, ஒட்டறை போலப் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அது நாகப் புகைக் காய்ச்சல். ஜீ.ஐ. என்று நாம் சொல்வது நாகம், அதாவது துத்தநாகம், பூசிய இரும்பு. நாகம் 420 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும், 907 பாகையில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக ஏறக்குறைய 1500 பாகை வேண்டும். அதாவது, நீங்கள் வெல்டிங் ரொட்டை வைத்து இரும்பை உருக்குவதற்கு முன்பே மேலே உள்ள நாகம் கொதித்துக் காற்றில் ஏறி, வெள்ளைத் தூளாகி, மூச்சோடு நெஞ்சுக்குள் போய்விடும். வேலை முடிந்து சில மணித்தியாலம் கழித்துத்தான் காய்ச்சல் வரும், அதனால்தான் யாரும் வேலையோடு சேர்த்து யோசிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். தினமும் ஒட்டுகிறவனுக்கு உடம்பு கொஞ்சம் பழகிப்போய், ஞாயிறு லீவு எடுத்துத் திங்கள் வேலைக்கு வந்தால் திரும்பக் காய்ச்சல் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று என் குருநாதர் சொல்லி நானும் பல வருடம் குடித்தேன், ஆனால் பால் வயிற்றுக்குத்தான் போகும், புகை போனது நெஞ்சுக்கு. வெளிக் காற்றில் நின்று ஒட்டுவதும், ஒட்டுகிற இடத்தைச் சுற்றி நாகத்தை கிரைண்டரால் நன்றாக உரித்துவிடுவதும், உலோகப் புகைக்கென்று உள்ள மாஸ்க் போடுவதும்தான் வழி. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, உரிக்கும்போது பறக்கிற தூளுக்கும் மாஸ்க் வேண்டும். கட்மியம் என்ற உலோகம் பூசிய பழைய போல்ட், நட்டுகளைப் பொறுத்தவரை நான் உரித்து ஒட்டுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தொடவே தொடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

ஒட்டி முடிந்தால் கதை முடிந்தது என்றும் இல்லை. ஊதிவிட்ட சிரட்டைக் கரித் தணல் நாகத்தை உருக்கிவிடும். அதன் மேல் தேசிக்காயும் புளியும் பிரட்டின மீனை வைத்தால் புளிப்பு நாகத்தைக் கரைத்துச் சாப்பாட்டுக்குள் கொண்டுவரும். பழைய ஃபிரிஜ்ஜின் உள்தட்டைக் கழற்றி அளவாக இருக்கிறதென்று அடுப்பின் மேல் வைக்கிறார்களே, அதற்கு என்ன பூச்சுப் பூசியிருக்கிறது என்று வைக்கிறவருக்குத் தெரியுமா? தெரியாத பூச்சு உள்ள எதையும் நெருப்பில் வைக்காதீர்கள். தட்டுக்கு 8 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பி எடுங்கள், காசு கூட என்றால் பூச்சில்லாத கறுப்புக் கம்பி எடுத்து எண்ணெய் தடவி வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், பூச்சுக்குக் கீழே இருப்பது இரும்புதானே, ஜீ.ஐ., கறுப்பு இரண்டிலும் ஒட்டும். நாகம் பூசியது வெள்ளிச் சாம்பல் நிறமாக இருக்கும், தகடுகளில் பூப் பூத்தது போலப் படலம் தெரியும்.

அடுத்தது பரல். 200 லீற்றர் பரலை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் அடுப்பும் மூடியும் கிடைத்துவிடும், அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. அதில் முன்பு என்ன இருந்தது? பூச்சி மருந்தோ, தின்னரோ, பெயர் தெரியாத இரசாயனமோ இருந்த பரல் எவ்வளவு எரித்தாலும் சமையலுக்கு ஆகாது. சாப்பாட்டு எண்ணெய் வந்த பரலைத் தேடி எடுங்கள். அதிலும் உள்ளே பூச்சு இருந்தால் வெளியிடத்தில் விறகைப் போட்டு நன்றாக எரித்து, சுரண்டிக் கழுவிய பிறகுதான் பாவிக்க வேண்டும். பெற்றோல், டீசல் இருந்த பரலை வெறுமையாக இருக்கிறதென்று கிரைண்டர் வைத்து அறுக்காதீர்கள். வெறும் பரல்தான் நிறைந்த பரலைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பழைய கேஸ் சிலிண்டரை அறுப்பதற்கு நான் யாருக்கும் வழி சொல்வதில்லை.

சரி, பயமுறுத்தியது போதும், செய்கிற முறையையும் சொல்கிறேன். பரல் தகடு ஒரு மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர் அதில் ரொட்டை வைத்தால் ஓட்டைதான் விழும். அதில் பிணைச்சலை ஒட்டாமல் துளை போட்டு போல்ட்டால் பூட்டுங்கள். முழுவதையும் அறுத்து முடித்துவிட்டுப் பிணைச்சல் பூட்டப் போனால் தகடு விரிந்து மூடி பொருந்தாது, ஆகவே கோடு கீறி, பின்பக்கத்தில் பிணைச்சல் வரும் இடத்தை மட்டும் அறுத்துப் பிணைச்சலைப் பூட்டிவிட்டு மிச்சத்தை அறுங்கள். கறுப்புப் பிளேற்றில் செய்கிறவர்கள் நெருப்புப் பெட்டிக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், வசதி இருந்தால் 6. தடித்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மூடியைத் திறந்து மூடினாலும் சட்டென்று ஆறாது. ஒரே மூச்சில் நீளமாக ஒட்டினால் பிளேற் முறுக்கிக்கொள்ளும், முதலில் நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாகப் பிடித்துவிட்டு மாறி மாறி ஒட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு பொட்டுத்தானே என்று ஒட்டினால் இரவில் கண்ணுக்குள் மணல் போட்டது போல எரியும், அந்த இரவை நான் பட்டிருக்கிறேன்.

மீனைப் புகையில் வேகவைக்க ஆசைப்படுகிறவர்கள் இரும்பைவிடக் காற்றைத்தான் கவனிக்க வேண்டும். நெருப்பு ஒரு பெட்டியில், மீன் பக்கத்துப் பெட்டியில், காற்று உள்ளே வர நெருப்புப் பக்கம் கீழே ஒரு வாசல், புகை வெளியே போக மீன் பக்கம் ஒரு குழாய், இரண்டையும் திறந்து மூட ஒவ்வொரு தகடு. புகையை உள்ளேயே அடைத்து வைத்தால் மணம் கூடும் என்று பலர் குழாயை மூடிவிடுகிறார்கள். நடப்பது வேறு. காற்றுப் போதாமல் விறகு புழுங்கும், தடித்த வெள்ளைப் புகை வரும், அந்தத் தார் மீனில் படிந்து கசக்கும். மெல்லிய, இலேசான நீலப் புகை வர வேண்டும். குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு கீழ் வாசலால் நெருப்பை அடக்குங்கள், மீன் இருக்கும் பெட்டியில் 110 பாகை அளவில் நின்றால் போதும். பாரையோ சூரையோ, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, மேல் தோல் கையில் ஒட்டுகிற அளவுக்குக் காற்றில் உலரவிட்டுப் பிறகு வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் புகை ஒழுங்காகப் பிடிக்காது. தணலுக்குச் சிரட்டைக் கரியைப் போல வேறொன்றும் இல்லை, புகைக்குக் கொய்யா, மா விறகு நல்லது. களப்போரத்துக் கண்டல் மரத்தை மட்டும் இதற்காக வெட்டாதீர்கள், இறாலும் மீன்குஞ்சும் வளர்கிற இடம் அது.

நம் ஊர் உப்புக் காற்றில் கறுப்பு இரும்பு சீக்கிரம் கறள் பிடிக்கும். அந்தப் பயத்தில்தான் பலர் ஜீ.ஐ. பக்கம் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சூடு தாங்கும் பெயின்றை வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். உள்ளே நல்லெண்ணெய் தடவி இரண்டு மூன்று மணித்தியாலம் சும்மா நெருப்பு எரியவிடுங்கள், கறுத்து ஒரு படலமாகப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அப்படிப் பிடிக்காது. சாம்பலை அன்றன்றே அள்ளிவிடுங்கள், ஈரம் ஏறின சாம்பல்தான் அடித்தட்டைத் தின்கிறது. மழை என்று தணலோடு அடுப்பை வீட்டுக்குள் இழுத்து வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, படுத்தவர் எழும்பமாட்டார்.

ஆசிரியர் அவர்களே, இதைப் பிரசுரித்தால் சில பேராவது பார்ப்பார்கள். வெல்டிங் கற்றுக்கொடுக்கும் நிலையங்கள் நாகப் புகையைப் பற்றி முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும், என்னிடம் வேலைக்கு வருகிற பொடியன்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கடைகளைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மீனையும் இறைச்சியையும் பார்ப்பது போல அவற்றைச் சுடுகிற தட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைக்காரர்கள், அடுப்புக்கு என்று கேட்டு வருகிறவருக்கு ஜீ.ஐ. கம்பி கொடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

மருமகன் அந்த அடுப்பைக் கழற்றிவிட்டான். இப்போது என் பட்டறை வாசலில், வெளிக் காற்றில், கறுப்புப் பிளேற்றில் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறான். அடுப்புக்கென்று எடுத்து வைத்திருக்கும் இரும்பில் சந்தேகம் உள்ளவர்கள் அதில் ஒரு துண்டைக் கொண்டு வந்து காட்டட்டும், காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் தொழிலாளி,
உவர்மலை, திருகோணமலை.