பழைய பலகையில் ஒரு பறங்கிக்காய்

தண்டையார்பேட்டை

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மரவேலையை வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் கடிதம். டொரண்டோவில் இலையுதிர் காலம் வந்தால் வாசலுக்கு வாசல் பறங்கிக்காய் வைக்கிறார்கள், கடையில் மரத்தில் செய்தது என்ன விலை விற்கிறது, எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கிடக்கிறதே, அதில் செய்யலாமா என்று கேட்டாய். கடையில் வாங்காதே. துறைமுகத்துக்கு முப்பது வருடம் பெட்டி அடித்தவன் மகள் நீ. தாராளமாகச் செய்யலாம்.

முதலில் அந்தப் பேலட்டின் பக்கக் கட்டையைப் பார். கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்று குத்தியிருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால், மரத்தின் உள்நடு வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நின்ற மரம். பூச்சி செத்திருக்கும், மருந்து அடித்திருக்க மாட்டார்கள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அது விஷம். வீட்டில் குழந்தை இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரை இல்லாமல் எண்ணெய்க் கறை தெரிந்தாலும் விட்டுவிடு, அதன் மேல் என்ன ஏற்றிப் போனார்களோ யாருக்குத் தெரியும். 2002-ல்தான் இப்படி முத்திரை குத்தும் உலக விதி வந்தது. அதற்கப்புறம் முத்திரை பார்க்காமல் நான் ஒரு கட்டையைக்கூட எடுத்ததில்லை.

பலகையைப் பிரிக்கும்போது நெம்பாதே. பேலட்டில் அடிப்பது பெரும்பாலும் முறுக்கு ஆணி, லேசில் வராது, பலகையின் முனைதான் பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஹாக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடு. ஆணித் தலை பலகையிலேயே இருக்கட்டும். துருவேறிய அந்தக் கறுப்புப் புள்ளியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. கையுறை போட்டுக்கொள், சிராய் ஏறினால் பிறகு எழுத்துவேலையும் நடக்காது.

ஆறு பலகை போதும். நடுவில் இரண்டு உயரமாக, பக்கத்துக்கு இரண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக. மேலும் கீழும் ஓரத்து மூலைகளை வளைவாக அறுத்துவிட்டால் பறங்கிக்காய் உருண்டு தெரியும். பின்பக்கம் குறுக்கே இரண்டு ரீப்பர் சட்டம் வைத்துத் திருகாணி போடு. பலகைகளை நெருக்கி ஒட்டிவிடாதே. நடுவே ஒரு நாணயத் தடிமன் இடைவெளி விடு. இங்கே ஐப்பசி மழையில் நம் வாசல் கதவு உப்பிக்கொண்டு மூடாமல் அடம் பிடிக்குமே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊரில் குளிருக்கு ஹீட்டர் போட்டதும் வீட்டுக்குள் காற்று காய்ந்து மரம் சுருங்கும். இடைவெளி இருந்தால் வெடிக்காது. காம்புக்கு உடைந்த நாற்காலிக் கால் ஏதாவது கிடைத்தால் ஒரு துண்டு அறுத்து வை. கொடிக்குக் கட்டுக்கம்பியை பென்சிலில் சுற்றி உருவினால் போதும்.

நிறத்தில்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். ஆரஞ்சு பெயின்டை அப்பினால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் கலந்து நீர்த்துப் பூசி, ஈரம் காயும் முன்னே துணியால் துடை. மரத்தின் ரேகை தெரிய வேண்டும். ஒன்றிரண்டு பலகையைச் சாம்பல் நிறமாக்க ஆசையிருந்தால், பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை (துருப்பிடிக்காத ஸ்டீல் நார் உதவாது) வினிகரில் இரண்டு நாள் ஊறவை. பைன் மரத்தில் துவர்ப்பு குறைவு, அதனால் முதலில் கெட்டியான டீ டிகாஷன் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இந்த வினிகரைப் பூசு. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை கிழடுதட்டும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் தடவினால், தடவின துணியைச் சுருட்டிப் போடாதே. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறி. இதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

போன வருடம் புத்தகத்துக்குள் வைத்து நீ அனுப்பிய மேப்பிள் இலை இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அதை அச்சாக வைத்துப் பறங்கிக்காய்க்குப் பலகையில் இரண்டு இலை வெட்டினேன், இரண்டிலும் பக்கத்து விரல் முறிந்தது. இலையின் நடு நரம்பும் மர ரேகையும் ஒரே போக்கில் போனாலும் பக்க விரல்களில் ரேகை குறுக்கே விழுகிறது, அங்கே பலமில்லை. பின்னால் மெல்லிய பிளைவுட் ஒட்டி மூன்றாவதை வெட்டினேன், நின்றது. நீயும் அப்படியே செய். தெருமுனைப் பாதாம் மரத்தில் சிவந்து விழும் இலைகளைப் பொறுக்கி ஸ்கூல் பையில் திணித்துக்கொண்டு வருவாயே, அந்த ஞாபகம் வந்தது. அதற்கு ஐப்பசி என்றெல்லாம் கணக்கில்லை, தோன்றியபோது சிவக்கிறது.

அங்கே பறங்கிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பதை அம்மாவிடம் சொன்னேன். புது வீட்டு வாசலில் அரக்க முகம் எழுதித் தொங்கவிடுகிற பூசணிக்காய்தானே என்று கேட்டாள். அவளுக்கு அது ஊர்விட்டு ஊர் போன சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. நான் செய்த சின்னப் பறங்கிக்காயை ஆயுதபூஜையன்று என் உளி, ரம்பத்தோடு வைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

நானே செய்து அனுப்பியிருப்பேன். ஆனால் பேரன் கண்முன்னால் நீ அறுத்து நீ தேய்க்க வேண்டும், அவனும் உப்புத்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதனால் என் சின்ன இழைப்புளியை அனுப்புகிறேன். சுருள் சுருளாக விழுவதைக் காதில் மாட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றி வருவாயே, அதே இழைப்புளி. பக்கத்து வீட்டு அக்கா மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான், பெரிய பெட்டியில் வைத்து எடுத்து வருவான். தகட்டைத் தீட்டி எண்ணெய்த் துணி சுற்றியிருக்கிறேன். வேலை முடிந்ததும் நேராக வைக்காதே, பக்கவாட்டில் சாய்த்து வை. தகடு தரையில் படக்கூடாது.

அன்புடன்,
அப்பா