குழியை மூடுவது பற்றி மகளுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

மூடிய சுரங்கம் பற்றி எழுத நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகத் தொடங்கு. சுரங்கம் என்னவோ இன்னும் ஓடுகிறது. 2020-ல் மூடியது பழைய 600 மெகாவாட் மின்நிலையம். ஆனால் கரி எடுத்துத் தீர்ந்த பகுதிகள் அங்கே நிறைய. 1957-ல் நேரு தொடக்கி வைத்தார், 1961-ல் கரி முகம் காட்டியது என்று தேதிகளை அடுக்கிவிட்டுப் போகாதே. நெய்வேலியின் கதை தண்ணீரில் இருக்கிறது.

கரிப்படுகைக்கு அடியில் மணல் அடுக்கு. அதில் நிற்கும் ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே முட்டுகிறது. மேல்மண்ணை அள்ள அள்ளப் பாரம் குறையும்; தளம் உப்பிப் பிளந்து குழி மூழ்கிவிடும். அதனால் கரியைத் தொடும் முன்பே ஆழ்குழாய் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும். மண்ணும் லேசுப்பட்டதில்லை. கடலூர் மணற்கல், சக்கரத்தில் வாளிகள் பூட்டி மண் அள்ளும் பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது; பிறகு துளையிட்டு வெடி வைத்து, இளக்கி அள்ளினார்கள்.

மூடும்போது கணக்கு இடிக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் வெட்டில் வந்த மண் வெளியே மலையாகக் கிடக்கிறது. அடுத்தடுத்த வெட்டின் மண் முந்தைய குழிக்குப் போகும். கடைசிக் குழிக்கு மண் மிஞ்சாது! அந்த மலையைத் திரும்பக் கொண்டு வந்தால்தான் உண்டு. இல்லையென்றால் அது ஏரிதான்.

ஊற்றுநீரை இறைக்கும் பம்புகளை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கொட்டிய மண்ணின் அடிவாரம் ஊறினால் சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். நிறுத்துவதற்கு முன் சரிவைத் தணிக்கச் சொல், நீர்மட்டம் ஏறுவதை அளக்கச் சொல். வெளியே தெரியும் கரி விளிம்பைக் களிமண் போட்டு மூட வேண்டும். காற்றுப்பட்டால் பழுப்பு நிலக்கரி தானாகவே புகையும்.

மேலே ஒரு சாண் நல்ல மண்ணைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் கேள். அது அடியில் போயிருந்தால் முந்திரி வைத்தாலும் ஏறாது, எருவுக்கே பணம் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அப்பா